அறுபதாவது ஐந்து டாலர்

உறையைக் கவிழ்த்தாள் கோரின் மிஷோ.
மேசையில் சரிந்தன ரசீதுகள்.
ஒன்றில் காபிக் கறை, ஒன்றில் டீசல் வாசம்,
ஒன்றின் ஓரத்தில் யாரோ ஒரு குழந்தை வரைந்த வாத்து.
"அறுபத்திரண்டு. எண்ணிக்கொள்."
வாசலில் அவள் ஓட்டும் மஞ்சள் பள்ளிப் பேருந்து
அணைக்காத என்ஜினோடு உறுமிக்கொண்டிருந்தது.

ஏப்ரல். ஆனாலும் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில்
பனி இன்னும் வீட்டுக்குப் போகவில்லை.

நான் இந்த ஊரின் எழுத்தர்.
நாய் உரிமம், மீன் உரிமம், பிறப்பு, இறப்பு.
இரண்டாண்டுக்கு ஒருமுறை இந்த வேலை:
ஐந்து டாலர் கொடுத்தவர்
வாக்காளர் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்ப்பது.
அறுபது பேர் தேறினால்
பிரசாரச் செலவை மாநிலமே தரும்.
அதன்பின் வேறு யாரிடமும்
ஒற்றைக் காசுக்குக் கை நீட்டக் கூடாது.

அந்த ஐந்து டாலரும் அவளுக்கில்லை,
பொது நிதிக்குப் போகிறது.
"பிறகு எதற்கு வாங்குகிறாய்?"
கதவுக்குக் கதவு கேட்டிருக்கிறார்கள்.
"உங்கள் படியேறி வந்தேன் என்பதற்கு
ஒரு சாட்சி வேண்டாமா?"

எதிரில் நிற்பவன் பிரென்ட் ஹாஸ்கல்.
பள்ளியில் எனக்கு முன் பெஞ்ச். கெட்டவனில்லை.
மின்தடக் கம்பெனி அவனுக்குப் பலகை அடித்துக் கொடுத்தது.
உருளைக்கிழங்கு வயல்களின் வரப்பெல்லாம்
பல் தெரியச் சிரித்தபடி நிற்கிறான்.
போன வருஷம் அந்தக் கம்பி மசோதா சபைக்கு வந்தபோது
அவன் எச்சில் விழுங்கியதை நேரலையில் பார்த்தேன்.
பிறகு கை உயர்ந்தது.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைப்பது நல்ல குணம்தான்,
வீட்டில் இருக்கும்வரை.

ஒவ்வொரு பெயராகத் தட்டிப் பார்த்தேன்.
ஒருவர் பக்கத்து மாவட்டத்துக்குக் குடிபோய்விட்டார்.
ஒருத்தி கணவன் பெயரையும் தானே எழுதியிருக்கிறாள்.
ஒருவனுக்குப் பதினேழு வயது.
பேருந்தில் கடைசி இருக்கைக்காரன்,
பனி அள்ளிய கூலியிலிருந்து கொடுத்தது.
அதை அடிக்கும்போது மட்டும்
கோடு கொஞ்சம் வளைந்துவிட்டது.

"ஐம்பத்தொன்பது" என்றேன்.

என் கைப்பையில் ஐந்து டாலர் நோட்டு ஒன்று இருந்தது.
பட்டியலில் என் பெயரும் இருந்தது.
சரிபார்ப்பவள் தரக் கூடாதென்று சட்டம் சொல்கிறதா,
தெரியாது, தேடவும் இல்லை.
நிறுப்பவளே தட்டில் விரல் வைத்தால்
தராசு எதற்கு?
கோரின் என் பையைப் பார்க்கவில்லை.
அவளைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது அதுதான்.

நாலு இருபது. ஐந்துக்குக் கதவடைப்பு.
பேருந்தின் உறுமல் தேய்ந்து போனது.

நாலு ஐம்பத்தாறுக்கு வந்தாள்.
பின்னால் ஹார்லன் ப்ரே, தாடியில் மரத்தூள்.
அவன் முற்றத்தில் பிரென்டின் பலகை ஒன்றல்ல, இரண்டு.
"இவளுக்கு ஓட்டுப் போட மாட்டேன்.
அதையும் சேர்த்து எழுதிக்கொள்."
"படிவத்தில் அதற்கு இடமில்லை, ஹார்லன்."
"ஒரே குதிரை ஓடும் பந்தயத்துக்கு
நான் எதற்கு வேலையை விட்டுவிட்டு வரணும்?"
அவன் பேனா குளிரில் கட்டிப்போயிருந்தது.
என்னுடையதைக் கொடுத்தேன்.
என் பேனாவை மட்டும்.

நவம்பரில் நூற்றுப் பதினோரு ஓட்டில் தோற்றாள்.
ஹார்லன் எதில் புள்ளி வைத்தான் என்று
திரைச்சீலைக்குத்தான் தெரியும்.

டிசம்பரில் தபால் நிலையத்தில் எனக்கு முன்னால் நின்றாள்.
செலவுபோக மிஞ்சியதை
மாநிலத்துக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்:
முப்பத்தெட்டு டாலர் பதினேழு சென்ட்.
கணக்குத் தாளில் ஸ்டேப்ளர் பின்கூட இருந்தது,
ஒரு பெட்டி, இரண்டு டாலர் பத்து.
"தபால் தலை எந்தக் கணக்கில்?" என்று கேட்டேன்,
தொழில் புத்தி.
"அது என் காசு."
உறையை நாக்கால் நனைத்து ஒட்டினாள்,
கடிகாரத்தைப் பார்த்தாள்,
இரண்டே முக்கால்.
மூன்று மணிக்குப் பிள்ளைகள் வெளியே வந்துவிடுவார்கள்.